கதையில் புறமோதலைக் கட்டுவது எப்படி?

புறமோதல் என்றால் பாத்திரம் தனக்கு வெளியே இருக்கும் ஒருவரோடோ ஒன்றோடோ மோதுவது. பாத்திரத்துக்கு முதலில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு தேவையையும் ஒரு கெடுவையும் கொடுங்கள். 'நிம்மதி வேண்டும்' என்பதிலிருந்து மோதல் பிறக்காது. 'வெள்ளிக்கிழமைக்குள் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டும்' என்றால் பிறக்கும்.

காவிரி டெல்டாவில், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் குறுவை நெல் நட்டிருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும் தண்ணீர் அவரிடம் வந்து சேரப் பல நாட்களாகும். அதற்குள் தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடைக்காரர் வாய்க்காலின் குறுக்கே மண் போட்டு அடைத்துவிடுகிறார். ஏன்? அவர் பயிரும் காய்கிறது, அவருக்கும் கடன் இருக்கிறது. அவர் தரப்பை அவர் வாயாலேயே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கதையில் அது வராவிட்டாலும் பரவாயில்லை. பல கதைகள் சரிவது இங்கேதான்: நியாயம் இல்லாத எதிராளி வெறும் வில்லனாக நின்றுவிடுகிறார்.

அடுத்து மூன்று முயற்சிகள். கடைமடை விவசாயி நேரில் பேசுகிறார், அவமானம்தான் மிச்சம். தண்ணீர் விடுவதைக் கவனிக்கும் ஊழியரான வாய்க்கால் லஸ்கரிடம் முறையிடுகிறார், ஊருக்கே பகை தெரிந்துவிடுகிறது. கடைசியில் இரவில் மண்வெட்டியோடு போகிறார். ஒவ்வொரு தோல்வியும் ஒரு வழியை அடைக்க வேண்டும். ஒரே சூட்டில் மூன்று சண்டைகள் வந்தால் வாசகர் பக்கம் தள்ளுவார். ஒரு காட்சியை எடுத்துவிட்டுப் படியுங்கள். அடுத்தது அப்படியே நின்றால், எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.

மழை வந்து சிக்கலைக் கூட்டலாம், தீர்த்துவைக்கக் கூடாது. அந்த அடைப்பை வெட்டுவதா வேண்டாமா என்று அவரே முடிவெடுக்கட்டும்.