சுவிட்ச் போர்ட்டில் மோதல் எண்ணிக்கை ஏறினால் செய்ய வேண்டியவை

இன்றைய அலுவலக வலையமைப்பில் ஒவ்வொரு கணினியும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவியான சுவிட்சின் தனிப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்), அனுப்பவும் பெறவும் தனித்தனிப் பாதை உள்ள ஃபுல் டூப்ளெக்ஸ் முறையில் இணைந்திருக்கிறது. அத்தகைய இணைப்பில் மோதல், அதாவது இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பி ஒன்றையொன்று குலைப்பது, நிகழவே வழியில்லை. ஆகவே ஒரு போர்ட்டில் மோதல் எண்ணிக்கை ஏறுவதைக் கண்டால், அதை நெரிசல் என்று முடிவுகட்டிப் புதிய சுவிட்ச் வாங்குவதற்கு முன், அந்தக் கேபிளின் இரு முனைகளிலும் உள்ள அமைப்புகளைப் பார்க்க வேண்டும்.

மோதல் என்ற கருத்து, கேபிள்வழி வலையமைப்பின் தரமுறையான ஈதர்நெட்டின் பழைய வடிவத்துக்கு உரியது. செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973இல் ராபர்ட் மெட்காஃப் அதை வகுத்தபோது, எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. அனுப்ப விரும்பும் கணினி, கேபிள் அமைதியாக இருக்கிறதா என்று முதலில் கவனிக்கும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் இரண்டுமே நிறுத்திக்கொண்டு, தற்செயலாகத் தேர்ந்த இடைவெளிக்குப் பின் மீண்டும் முயலும். 16 முறை தோற்றால் அந்தச் சட்டகம், அதாவது ஒரே தொகுப்பாக அனுப்பப்படும் தரவு, கைவிடப்படும். ஒரு சட்டகம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது என்ற விதியும் இதனால் வந்ததுதான். வலையமைப்பின் கடைசி முனையில் நிகழும் மோதலின் செய்தி, அனுப்பியவர் அந்த 64 பைட்டை, அதாவது 512 பிட்டுகளை, அனுப்பி முடிப்பதற்குள் திரும்பி வந்தாக வேண்டும். 10 மெகாபிட் வேகத்தில் அது 51.2 மைக்ரோ வினாடி. அதற்குப் பின் தெரியவரும் மோதலைத் தாமத மோதல் என்கிறோம். விதிப்படி அமைந்த வலையமைப்பில் அது தோன்றவே கூடாது.

சுவிட்ச் வேறு வழியில் வேலை செய்கிறது. வந்த சட்டகத்தின் அனுப்புநர் மேக் முகவரியை (பிணைய அட்டைக்கு உரிய அடையாள எண்ணை) படித்து, அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அட்டவணையில் பதிந்துகொள்கிறது. பெறுநர் முகவரி ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது, இல்லையேல் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது. பயன்படாத பதிவு வழக்கமாக 300 வினாடிகளில் நீங்கிவிடும்.

இத்தனை ஒழுங்கான அமைப்பிலும் மோதல் தோன்றுவதற்கு மிகப் பொதுவான காரணம் டூப்ளெக்ஸ் பொருந்தாமை. யாரோ ஒருவர் ஒரு முனையை 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் நிலைநிறுத்தியிருப்பார். மறுமுனை, வேகத்தையும் டூப்ளெக்ஸையும் எதிர்முனையோடு தானாகவே பேசி முடிவுசெய்யும் தானியங்கு நிலையில் இருக்கும். நிலைநிறுத்தப்பட்ட முனை பேச்சுவார்த்தைக்கு வராது. தானியங்கு முனையால் வரும் சமிக்ஞையிலிருந்து வேகத்தை அறிய முடியும், டூப்ளெக்ஸை அறிய முடியாது; எனவே தரவிதிப்படி அது, ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் தரவு செல்லும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். இனி ஃபுல் டூப்ளெக்ஸ் முனை நினைத்தபோதெல்லாம் அனுப்பும், மறுமுனை அதை மோதல் என்று எண்ணித் தன் சட்டகத்தைப் பாதியில் அறுக்கும். மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையில் கேள்வியும் பதிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது, தரவும் அதற்கான ஒப்புகையும் எதிரெதிராக ஒரே நேரத்தில் ஓடுவதால், வேகம் சரிந்துவிடும். இணைப்பு விளக்கும் எரிகிறது, பிங்கும் வருகிறது என்பதாலேயே இந்தக் கோளாறு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்துவிடுகிறது.

கண்டறிவதற்கு முதலில் இரு முனைகளின் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தனித்தனியே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஈத்டூல் கட்டளையும், விண்டோஸில் பிணைய அட்டையின் மேம்பட்ட அமைப்புகளும், சிஸ்கோ சுவிட்சில் ஷோ இன்டர்ஃபேசஸ் கட்டளையும் இதற்குப் போதும். பின்பு சுவிட்சின் பிழை எண்ணிக்கைகளைச் சுழியமாக்கி, ஒரு பெரிய கோப்பை இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் அனுப்பிப் பாருங்கள். ஹாஃப் டூப்ளெக்ஸ் முனையில் தாமத மோதலும், ஃபுல் டூப்ளெக்ஸ் முனையில் சிஆர்சி பிழையும் (சட்டகம் சிதைந்து வந்ததைக் காட்டும் சரிபார்ப்புப் பிழை) 64 பைட்டுக்குக் குறைந்த குறுஞ்சட்டகங்களும் சேர்ந்து ஏறினால் ஐயமே வேண்டாம். இரு முனைகளும் ஃபுல் டூப்ளெக்ஸாக இருந்தும் சிஆர்சி பிழை மட்டும் ஏறினால், குற்றவாளி பெரும்பாலும் கேபிளோ அதன் இணைப்பு முனையோதான். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சரிசெய்யும்போது இரு முனைகளையும் தானியங்கு நிலையில் விடுவதையே நான் வலியுறுத்துவேன். செம்புக் கேபிளில் கிகாபிட் ஈதர்நெட்டுக்குத் தானியங்குப் பேச்சுவார்த்தை கட்டாயம் என்பதால், கையால் நிலைநிறுத்தும் பழைய வழக்கத்தை இன்று தொடர்வதற்கு நியாயமில்லை. ஃபுல் டூப்ளெக்ஸில் நிலைநிறுத்தப்பட்டு, அந்த அமைப்பை மாற்றவே முடியாத பழைய கருவி ஒன்று இருந்தால் மட்டும், சுவிட்ச் போர்ட்டையும் அதே வேகத்திலும் டூப்ளெக்ஸிலும் நிலைநிறுத்தி, காரணத்தைப் போர்ட் விவரக் குறிப்பில் எழுதிவையுங்கள். இல்லையேல் அடுத்து வருபவர் நல்லெண்ணத்தோடு அதைத் தானியங்குக்கு மாற்றுவார், கோளாறு திரும்பும். மாற்றியபின் எண்ணிக்கைகளை மறுபடி சுழியமாக்கி, ஒரு முழு வேலைநாள் கழித்துப் பாருங்கள். தாமத மோதல் சுழியத்திலேயே நிற்க வேண்டும்.