இரண்டாவது கடை திறக்குமுன் எழுதி முடிக்க வேண்டியவை: சிறுதொழிலுக்கான நியமச் செயல்முறைகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நன்றாக ஓடும் சிறுதொழில்கள் பலவற்றில், மருதமுனை நெசவானாலும் சம்மாந்துறை அரிசி ஆலையானாலும், வேலையின் நுணுக்கம் முழுவதும் முதலாளியின் தலையிலோ நெடுநாள் வேலையாள் ஒருவரின் கையிலோதான் இருக்கிறது. ஒரே கடை இருக்கும்வரை இது பெரிய இடைஞ்சலாகத் தெரியாது. மட்டக்களப்பு நகரில் கடை வைத்திருப்பவர் கல்முனையில் இன்னொன்று திறக்கும்போது, தன்னால் இரண்டு இடங்களில் நிற்க முடியாது என்பதும், தான் இல்லாத இடத்தில் பொருளின் தரம் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதும் சேர்ந்தே தெரியவரும். எஸ்.ஓ.பி. எனப்படும் நியமச் செயல்முறை இந்த இடைவெளியை அடைப்பதற்கானது. ஒரு வேலையை யார் செய்தாலும் ஒரே விதமாகச் செய்து முடிக்கும்படி, அளவோடும் வரிசையோடும் எழுதிவைப்பதே அது. இங்கே எல்லோருக்கும் பழக்கமான சட்டித் தயிர் உற்பத்தியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா வேலைகளையும் ஒரேயடியாக எழுதத் தொடங்குபவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். ஆகவே எந்தப் படியில் தவறினால் பொருளோ பணமோ மீளாமல் போகுமோ, அந்தப் படியிலிருந்து தொடங்குங்கள். உணவுத் தொழிலில் இதற்கு ஏற்கெனவே நன்கு பழகிய வழி ஒன்று உண்டு. 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விண்வெளி வீரர்களின் உணவுக்காகப் பில்ஸ்பரி என்ற உணவு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஹசப் (HACCP) முறை, உற்பத்தியில் ஆபத்து நுழையக்கூடிய இடங்களைக் கண்டறிந்து, அவற்றில் கட்டுப்படுத்தியே ஆகவேண்டிய புள்ளிகளுக்கு அளவும் எல்லையும் வகுக்கிறது. தயிருக்கு அத்தகைய இடங்கள் நான்கு: பாலை ஏற்றுக்கொள்ளுதல், காய்ச்சுதல், உறை சேர்த்தல், குளிரில் வைத்தல். கடை வாசலைக் கூட்டுவதற்கான தாளைப் பிறகு எழுதலாம்.

அடுத்ததாக, அந்த வேலையை மிக நன்றாகச் செய்பவரின் பக்கத்தில் கொப்பியோடு நில்லுங்கள். அவரை உட்காரவைத்து “எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால், முக்கியமானவற்றைச் சொல்லமாட்டார், அவை அவருக்குப் பழக்கமாகிவிட்டதால் நினைவுக்கே வருவதில்லை. நெடுநாளாகத் தயிர் போடும் ஓர் அம்மா, உறை சேர்க்குமுன் பாலில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்து, “இப்ப சரி” என்கிறார். அவர் சரி என்று சொல்லும் அந்தக் கணத்தில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே பாருங்கள். 42, 43 பாகை செல்சியஸ் என்று எண்கள் ஒத்துவந்தால், அவருடைய விரலில் இருந்த அறிவு தாளுக்கு வந்துவிட்டது. எழுதும் வேலையில் மிகப் பெறுமதியானது இந்தப் பகுதிதான் என்பது என் கருத்து; இதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். தாளில் அவருடைய பெயரையும் போடுங்கள், ஏனெனில் அது அவருடைய அறிவு.

அப்படி எழுதப்படும் தாள் ஏறக்குறைய இவ்வாறு அமையும்: “பாலை 90 பாகைக்குச் சூடாக்கி, ஐந்து நிமிடம் அதே சூட்டில் வைக்கவும். 43 பாகைக்கு ஆறவிடவும். லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் உறைமோர் சேர்த்துக் கலக்கவும். கழுவி நன்கு உலர்ந்த சட்டிகளில் ஊற்றி மூடி, அசைக்காமல் வைக்கவும். நான்கு மணி நேரத்தின் பின் உறைந்ததா என்று பார்க்கவும். உறைந்ததும் 4 பாகைக் குளிருக்கு மாற்றவும்.” ஒவ்வொரு வரியும் ஒரு செயலைச் சொல்கிறது, எண் வேண்டிய இடத்தில் எண் இருக்கிறது. “நன்றாகக் காய்ச்சவும்”, “போதிய அளவு சேர்க்கவும்” போன்ற வரிகள் புதிதாக வந்தவருக்கு எதையும் சொல்வதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் சுருக்கமாக எழுதுங்கள். சூடு அதிகமாக இருக்கும்போது உறை சேர்த்தால் உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் இறந்துபோகும், அதிகம் ஆறிவிட்டால் உறைய நெடுநேரம் எடுக்கும் என்று தெரிந்தவர் அவசரத்திலும் அந்தப் படியைத் தாண்டமாட்டார்.

வழமை குலையும் நாளுக்கும் தாளில் இடம் வேண்டும். படுவான்கரையிலிருந்து பால் வரும் பாதையில் மாரி வெள்ளம் ஏறினால் எத்தனை மணி வரை காத்திருப்பது, மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டியை எவ்வளவு நேரம் திறக்காமல் வைப்பது, பாலில் நீர் கலந்திருப்பதைக் காட்டும் பால்மானியின் அளவு குறைவாக இருந்தால் பாலைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பவை எழுதப்படாவிட்டால், எல்லாக் கேள்விகளும் முதலாளியின் கைத்தொலைபேசிக்கே வரும்.

எழுதியதை அந்த வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் எங்கே தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே தாளில் ஒரு வரி குறைகிறது. திருத்திய பின் வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். தாள் ஒரு பக்கத்துக்குள் அடங்கி, வேலை நடக்கும் இடத்திலேயே, நீர் படாத உறைக்குள் தொங்க வேண்டும். அலுமாரிக்குள் இருக்கும் கோப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அம்பாறைப் பக்கம் சிங்களம் பேசும் வேலையாட்களும் இருந்தால், இரு மொழிகளிலும் எழுதிப் படிகளைப் படமாகவும் போடுங்கள்.

தாளோடு ஒரு பதிவேடும் வேண்டும். திகதி, தொகுதி இலக்கம், பால் தந்தவர், காய்ச்சிய சூடு, உறை சேர்த்த நேரம், செய்தவரின் கையொப்பம் இருந்தால் போதும். ஒரு சட்டி புளித்துவிட்டதென்று திரும்பி வந்தால், அன்றைய வரியைப் பார்த்துக் காரணத்தைத் தேடலாம். ஆளைத் திட்ட வேண்டிய தேவை குறையும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போதும், பாசிக்குடா விடுதியொன்றுக்குத் தயிர் கொடுக்கப் பேசும்போதும், எஸ்.எல்.எஸ். எனும் இலங்கைத் தரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்தப் பதிவேடு உங்களுக்காகப் பேசும்.

பணம் சார்ந்த வேலைகளுக்கும் தாள் தேவை, ஆனால் அவை எளிமையானவை. மாலையில் காசை எண்ணுவது, கடன் கொப்பியை ஒப்பிடுவது, வங்கியில் வைப்பிடுவது ஆகியவற்றுக்கு நேரமும் பொறுப்பாளரும் குறிக்கப்பட வேண்டும். சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதமும் மாதந்தோறும் செலுத்த வேண்டியிருப்பதால், அதற்கும் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். வாடிக்கையாளரிடம் பேசும் விதத்தை மட்டும் வரிவரியாக எழுதாதீர்கள். குறை சொல்லி வருபவருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கும் எல்லையைச் சொல்லிவிட்டு, பேச்சைப் பேசுபவரிடமே விடுவது நல்லது.

தாளை முதலில் மீறுபவர் பெரும்பாலும் முதலாளியே. “இன்றைக்குச் சட்டி குறைவு, கொஞ்சம் ஈரமென்றாலும் ஊற்று” என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து வேலையாட்கள் தாளை மதிக்கமாட்டார்கள். முறை பொருந்தவில்லையென்றால், செய்பவர்களோடு பேசித் தாளையே மாற்றி, புதிய திகதியிட்டு, பழைய பிரதிகளை அகற்றிவிட வேண்டும்.

கல்முனைக்குத் தாளைக் கொண்டுபோகும்போது சூட்டின் அளவுகள் மாறாது. ஆனால் அடுப்பின் அளவு, பாத்திரத்தின் கொள்ளளவு, பால் வந்து சேரும் நேரம் ஆகியவை மாறும் என்பதால் அந்த வரிகளை அங்கேயே அளந்து எழுதுங்கள். முதல் சில வாரங்களுக்கு மட்டக்களப்பில் பழகிய ஒருவரை அங்கே நிறுத்துங்கள். அவர் திரும்பிய பின்னர், இரு கடைகளின் பதிவேட்டுப் பக்கங்களையும் ஒவ்வொரு மாலையும் படமெடுத்து அனுப்பச் செய்து, பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். எண் விலகும் இடத்துக்கு மறுநாள் காலை நேரில் போங்கள்.