சென்னைச் சாலைகளுக்கு அகன்ற சைக்கிள் டயர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வழுக்கிக்கொண்டு ஓடும் 25 மி.மீ. டயர், மழைக்காலம் முடிந்த வேளச்சேரியின் ஒட்டுப்போட்ட தாரில் மணிக்கட்டைப் பதம்பார்த்துவிடும் என்பதால், அன்றாட ஓட்டத்துக்கு 32 மி.மீ. அகலமே ஏற்றது. வாங்குமுன் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் டயரின் இருபுறமும் 4 மி.மீ. இடைவெளி எஞ்சுமா என்று அளந்துகொள்ளுங்கள். பக்கச்சுவரில் 32-622 என்றிருந்தால் முதல் எண் அகலம். அடுத்தது ரிம்மின் விட்டம், அது பொருந்தாவிட்டால் டயர் ஏறவே ஏறாது.

அகலம் மட்டும் போதாது. பக்கச்சுவரை விரல்களால் மடக்கிப் பாருங்கள்: துணிபோல எளிதில் வளைவது சாலையின் அதிர்வைத் தானே விழுங்கிக்கொள்ளும், விறைப்பானது, எவ்வளவு அகலமானாலும், அதை உங்களிடமே அனுப்பும். மெல்லிய சுவர் கல்லில் உரசிக் கிழியக்கூடும்தான். அந்தச் சொகுசுக்கு அது பெரிய விலையன்று. காற்றை உச்ச அளவுவரை அடிக்காமல், 70 கிலோ எடையுள்ளவர் சுமார் 55 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, முன்சக்கரத்தில் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.