சான் மரினோவுக்குப் பேசும்போது பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள்

வெளிநாட்டில் இருப்பவர் சென்னைக்குப் பேச வேண்டுமென்றால் 044-இல் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு 91 44 என்று போடுவார். எஸ்டிடி பூத் காலத்திலிருந்தே நம் விரல்களில் ஊறிப்போன பழக்கம் இது. சான் மரினோவுக்குப் பேசும்போது இதே பழக்கம்தான் நம் காலை வாரிவிடும்.

சுற்றிலும் இத்தாலி, நடுவில் 61 சதுர கிலோமீட்டரில் ஒரு குடியரசு. அதன் நாட்டுக் குறியீடு 378. தரைவழி எண்கள் 0549-இல் தொடங்கும், அதன்பின் ஆறு இலக்கங்கள். இந்தியாவிலிருந்து 00 378 0549 என்று போட்டு அந்த ஆறையும் சேர்க்க வேண்டும். 0549-இன் பூஜ்யம் அப்படியே நிற்க வேண்டும். அறை பதிவு செய்ய நான் முதல் தடவை கூப்பிட்டபோது வழக்கம்போல அதை வெட்டிவிட்டேன். மூன்று முறை முயன்றும் லைன் போகவில்லை. எண்ணே தப்பு போலிருக்கிறது என்று விடுதியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இத்தாலிக்குள் இருந்து பேசுவதானால் நாட்டுக் குறியீடே வேண்டாம், 0549-இல் தொடங்கினால் போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சான் மரினோவில் இத்தாலிய சிம் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் இத்தாலியின் குறியீடான 39-இல் தொடங்கும் கைபேசி எண் கொடுத்தால், "சான் மரினோவுக்கு 378 அல்லவா?" என்று நீங்களாகவே திருத்தாதீர்கள். கொடுத்ததை அப்படியே போடுங்கள்.

நேரக் கணக்கிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். குளிர்காலத்தில் நாலரை. நாம் காலை பத்து மணிக்கு உற்சாகமாகக் கூப்பிட்டால் அங்கே விடிந்தும் விடியாத பொழுது. மறுமுனையில் "ப்ரோந்தோ" என்று கேட்டால் அது ஆளின் பெயர் அல்ல, நம்முடைய "ஹலோ"தான்.

யோசித்துப் பார்த்தால், இங்கே நடக்கும் தவறுகளில் பாதி இந்த நாட்டை இத்தாலியின் இன்னொரு ஊராக நினைப்பதால் வருகிறது. சான் மரினோ யூரோவைப் புழங்குகிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை. ஒன்றிய நாடுகளுக்குள் கூடுதல் கட்டணமின்றிக் கைபேசியைப் பயன்படுத்த விடும் ரோமிங் சலுகை விதி இதற்குப் பொருந்தாது. சான் மரினோவின் தித்தானோ மலையில் ஏறியதும் கைபேசி உள்ளூர் நெட்வொர்க்குக்குத் தானாகத் தாவிவிட்டால் பில் எகிறலாம். உங்கள் ரோமிங் திட்டத்தின் நாடுகள் பட்டியலில் சான் மரினோ என்று தனியாக இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் டேட்டாவை அணைத்துவிட்டு ஏறுங்கள். தபாலிலும் இதே கதைதான். இத்தாலியத் தபால்தலை ஒட்டிய அட்டையை இங்கே பெட்டியில் போடக் கூடாது. இந்த நாட்டுத் தபால்தலைகளோ உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடுபவை, வாங்காமல் வருவது நஷ்டம்.

எல்லையில் சோதனை கிடையாது என்பதால் விசா வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இத்தாலி வழியாகத்தான் வர முடியும், ஆகவே ஷெங்கன் விசா இருந்தே ஆக வேண்டும். சுற்றுலா அலுவலகத்தில் காசு வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் குத்தித் தரும் முத்திரை வெறும் நினைவுப் பொருள்.

ரயில் டிக்கெட் தேடுவதும் வீண் வேலை. அருகிலுள்ள இத்தாலிய நகரமான ரிமினியிலிருந்து 1932-இல் ஒரு மின்ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் அதை 1944-இல் நிறுத்தியது. அதன் சுரங்கப்பாதைகளில்தான் அந்த ஆண்டு குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த அகதிகள் தங்கினார்கள். மொந்தாலே சுரங்கத்தின் வாயிலில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பழைய ரயில் பெட்டி இன்றும் நிற்கிறது. போக்குவரத்துக்கு இப்போது ரிமினி ரயில் நிலையம் அருகே கிளம்பும் பேருந்துதான். ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

மலைமேல் இருக்கும் முதல் கோபுரமான குவைத்தா கோட்டையில் படம் எடுத்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அங்கிருந்து இரண்டாவது கோபுரமான செஸ்தாவுக்கு, மலை முகட்டின் மேலேயே ஒரு கல்பாதை போகிறது. 'சூனியக்காரிகளின் கணவாய்' என்று பெயர். ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம், வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் அட்ரியாடிக் கடல். மொத்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நடைதான்.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஏப்ரல் 1 அல்லது அக்டோபர் 1-க்குத் திட்டமிடுங்கள். நாட்டுத் தலைவர்கள் இரண்டு பேர், பதவி ஆறே மாதம். புதியவர்கள் பொறுப்பேற்கும் ஊர்வலம் அந்த நாட்களில்தான். செப்டம்பர் 3 குடியரசு தினம். 301-ஆம் ஆண்டில் மரினோ என்ற கல்தச்சர் இந்த நாட்டை நிறுவினார் என்பது ஐதீகம்.

சாப்பாட்டில் ஒன்று. 'பியாதினா' பார்வைக்கு நம் சப்பாத்தி மாதிரியே இருக்கும். சைவக்காரர்கள் சீஸ் வைத்ததுதானே என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். மாவிலேயே பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். "ஸ்த்ரூத்தோ", அதாவது அந்தக் கொழுப்பு, இருக்கிறதா என்று கேளுங்கள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் பல கடைகளில் கிடைக்கும்.