வர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவின் திரை சிறிதாகவே நிற்கிறதா?

கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை, இயக்கும் மென்பொருள் வர்ச்சுவல்பாக்ஸ். அதில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை நிறுவியதும் பலருக்கும் வரும் முதல் எரிச்சல் இது. சன்னலை எவ்வளவு இழுத்தாலும் உள்ளே இருக்கும் திரை அசையாது. நடுவில் சிறு கட்டம், சுற்றிலும் வெற்றிடம். உடனே உபுண்டுவின் டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு அளவாக மாற்றிப் பார்க்கத் தோன்றும். அங்கே கடைசியாகத்தான் போக வேண்டும்.

காரணம் எளிது. உபுண்டுவின் கண்ணில் படுவது உங்கள் மடிக்கணினியின் திரை அல்ல. வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளாலேயே ஒரு கிராபிக்ஸ் அட்டையை உருவாக்கி அதன் கையில் கொடுத்திருக்கிறது. வெளியே சன்னலின் அளவு மாறியதை உள்ளே போய்ச் சொல்ல ஒரு தூதர் வேண்டும். கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற சிறு மென்பொருள் தொகுப்புதான் அது. ஆகவே முதலில் அட்டை, அடுத்து தூதர், பிறகே உபுண்டு. விண்டோஸ் கணினியில் வர்ச்சுவல்பாக்ஸ் ஓடுவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: முழுமையாக நிறுத்துங்கள்

உபுண்டுவுக்குள் சென்று பவர் ஆஃப் கொடுங்கள். சன்னலை மூடும்போது வரும் 'சேவ் தி மெஷின் ஸ்டேட்' போதாது. அப்படி உறங்க வைத்த கணினியில் கிராபிக்ஸ் அமைப்புகள் மங்கலாகவே இருக்கும், மாற்ற முடியாது. நிறுத்திய கையோடு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது பிறகு திரும்பி வர உதவும் நிலைப்பதிவு, எடுத்து வைப்பது நல்லது.

படி 2: அட்டையைச் சரிசெய்யுங்கள்

வர்ச்சுவல்பாக்ஸில் உங்கள் மெய்நிகர் கணினியைத் தேர்ந்தெடுத்து செட்டிங்ஸ், அதில் டிஸ்ப்ளே. தேடுவது கண்ணில் படாவிட்டால் எக்ஸ்பர்ட் நிலைக்கு மாறுங்கள். புதிய பதிப்புகள் சிலவற்றை அதற்குள் மறைத்து வைக்கின்றன.

கிராபிக்ஸ் கன்ட்ரோலர் என்ற இடத்தில் விஎம்எஸ்விஜிஏ (VMSVGA) இருக்க வேண்டும். லினக்ஸுக்கு உரியது அதுதான்.

வீடியோ மெமரியை 128 எம்பி வரை ஏற்றுங்கள். இது வெறும் சடங்கு அல்ல. 1920×1080 திரையில் புள்ளிக்கு 4 பைட் என்று கணக்கிட்டால் ஒரு படத்துக்கே ஏறக்குறைய 8 எம்பி ஆகிறது. 3840×2160, அதாவது 4கே, என்றால் 32 எம்பியை நெருங்கிவிடும். 16 எம்பி மட்டுமே கொடுத்துவிட்டு 4கே திரையை எதிர்பார்த்தால் எங்கிருந்து வரும்?

3டி ஆக்சிலரேஷனை இப்போதைக்குத் தொடாதீர்கள். சில கணினிகளில் அதை இயக்கினால் கறுப்புத் திரைதான் மிஞ்சும். அப்படி ஆனால் மெய்நிகர் கணினியை நிறுத்தி, அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

படி 3: கெஸ்ட் அடிஷன்ஸ்

தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். சிடியைச் செருகுமுன் அதற்குத் தேவையான கருவிகள் உபுண்டுவில் இருக்க வேண்டும். டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டுத் தட்டுங்கள்: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிசிசி மேக் பெர்ல் (sudo apt install gcc make perl). கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் நட்சத்திரக் குறிகூடத் தெரியாமல் போகலாம். விசைப்பலகை பழுதாகவில்லை, தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள்.

இனி சன்னலின் மேற்பட்டியில் டிவைசஸ், அதில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்'. உபுண்டுவின் இடப்பக்கப் பட்டியில் சிடி தோன்றும். திறந்து, ஆட்டோரன் என்று தொடங்கும் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் எ புரோகிராம்' கொடுங்கள். வேலை முடிந்ததும் சிடியை வெளியேற்றி, உபுண்டுவை மறுதொடக்கம் செய்யுங்கள். மறுதொடக்கம் செய்யாமலே "ஒன்றும் மாறவில்லையே" என்று திரும்ப நிறுவுபவர்கள் உண்டு.

படி 4: சன்னலை இழுத்துப் பாருங்கள்

வியூ பட்டியலில் 'ஆட்டோ ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே' தேர்வாகியிருக்கட்டும். இப்போது சன்னலை இழுத்தால் உள்ளே இருக்கும் திரையும் கூடவே விரியும். அந்த வரி மங்கலாக இருந்தால் கெஸ்ட் அடிஷன்ஸ் இயங்கவில்லை என்று பொருள். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். முழுத்திரைக்கு வலது கன்ட்ரோலுடன் எஃப்.

அதே பட்டியலில் 'ஸ்கேல்டு மோட்' என்றும் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் திரை சட்டென்று சன்னலை நிரப்பும், சிக்கல் தீர்ந்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் பழைய சிறு படத்தையே இழுத்து நீட்டுகிறது. எழுத்துகள் மசமசவென்று ஆகிவிடும். போதாததற்கு மேற்பட்டியும் மறைந்துபோகும், திரும்பி வர வழி தெரியாது. வலது கன்ட்ரோலுடன் சி அழுத்தினால் வெளியே வரலாம். வலது கன்ட்ரோல் விசையே இல்லாத மடிக்கணினி என்றால், வர்ச்சுவல்பாக்ஸின் முகப்புச் சன்னலில் ஃபைல், பிரிஃபரன்சஸ், இன்புட் என்று போய் வேறு விசையை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எழுத்து எறும்பாகத் தெரிந்தால்

திரை நிரம்பியும் எழுத்து பொடியாக இருக்கிறதா? உங்கள் மடிக்கணினித் திரையில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதே காரணம். இப்போதுதான் உபுண்டுவின் செட்டிங்ஸில் உள்ள டிஸ்ப்ளேஸ் பக்கத்துக்கு வேலை. ஸ்கேல் என்பதை 200 சதவீதம் ஆக்குங்கள். அது அதிகம் என்று பட்டால் ஃபிராக்ஷனல் ஸ்கேலிங்கை இயக்கி 125 அல்லது 150 வைக்கலாம். தெளிவுத்திறனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், கூர்மை போய்விடும்.

பின்னாளில் வர்ச்சுவல்பாக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினால், கெஸ்ட் அடிஷன்ஸையும் அதே பதிப்புக்கு மாற்றுங்கள். மூன்றாம் படியை மறுபடி செய்தால் போதும். கருவிகள் ஏற்கெனவே இருப்பதால் சிடியிலிருந்தே தொடங்கலாம்.