பழைய லாரியின் இன்ஜின் ஒயரிங்கைச் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே கிடக்கும் சாலைகளில் தேங்காயும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ஓடும் பழைய லாரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் இன்ஜின் ஒயரிங் கருகியோ, எலி கடித்தோ, உரசி அறுந்தோ பட்டறைக்கு வரும்போது, நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளை இன்று பழக வரும் பிள்ளைகளும் செய்கிறார்கள். பேட்டரியைக் கழற்றாமல் கை வைப்பது, எரிந்த பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை; அவை எல்லோருக்கும் தெரிந்தவை. மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த 24 வோல்ட் வண்டிகளில், வேலை தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர்களும் தவறுகிற இடங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

எரிந்த ஒயரை மாற்றிவிட்டு, எரிந்த காரணத்தை விட்டுவிடுதல்

பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றித் திருச்சூருக்குப் போகிற ஒரு லாரியில், இன்ஜின் ஒயரிங்குக்குள் ஓடும் மெல்லிய கருப்பு எர்த் ஒயர் மட்டும் முழு நீளத்துக்கும் கருகி, பக்கத்தில் இருந்த ஆயில் பிரஷர் ஒயரையும் சார்ஜிங் லைட் ஒயரையும் சேர்த்து உருக்கியிருந்தது. ஒரு பட்டறையில் அந்தக் கருப்பு ஒயரைப் புதிதாகப் போட்டு, அழகாக டேப் சுற்றி அனுப்பினார்கள். சில நாட்களில் அது மீண்டும் எரிந்தது. அடுத்த பட்டறையில் அதைவிடத் தடித்த ஒயரைப் போட்டார்கள், அதுவும் எரிந்தது. வழியில் லோடோடு நின்ற வண்டிக்கு மாற்று லாரி பிடித்துச் சரக்கை ஏற்றி அனுப்பிய பிறகுதான் அது என்னிடம் வந்தது. “அண்ணா, இதே ஒயரைத்தானே ரெண்டு தடவை மாத்தினாங்க, இன்னும் எதுக்கு எரியுது?” என்று டிரைவர் கேட்டார். ஒயரை மாற்றிய இருவரில் ஒருவராவது அந்தக் கேள்வியைத் தமக்குள் கேட்டிருந்தால் டிரைவருடைய வாடகையும் நாட்களும் வீணாகியிருக்காது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப, இன்ஜினையோ கியர்பாக்ஸையோ சேசிஸுடன் (லாரியின் இரும்புச் சட்டத்துடன்) இணைக்கும் தடித்த எர்த் ஸ்ட்ராப் ஒன்றே வழி. அந்த ஸ்ட்ராப் அறுந்தாலும், அதன் போல்ட்டுக்குக் கீழே துரு ஏறினாலும், மின்சாரம் நின்றுவிடுவதில்லை. கிடைத்த வேறு வழியில் திரும்புகிறது. இந்த லாரியில் கிடைத்த வழி அந்த மெல்லிய கருப்பு ஒயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.014 ஓம் மின்தடை கொண்டது. அதன் வழியே 200 ஆம்பியர் பாய்ந்தால் சுமார் 550 வாட் வெப்பம் உண்டாகும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதிக்கு மேல் ஒரு மெல்லிய ஒயருக்குள் அடைபடுவதாகும். சாதாரண பிவிசி உறை தொடர்ந்து தாங்குவதோ 70 டிகிரி செல்சியஸ் அளவுதான். பியூஸ் காப்பாற்றும் என்றும் நினைக்கக் கூடாது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் சரி, எர்த் வழியே திரும்பும் மின்சாரமும் சரி, பியூஸ் பெட்டிக்குள் நுழைவதே இல்லை.

பலரும் இங்கே மல்டிமீட்டரைப் பிடித்து, இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே ஓம் பார்த்து, “ஜீரோ காட்டுகிறது, எர்த் நன்றாக இருக்கிறது” என்று முடித்துவிடுகிறார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்சாரம். அதற்கு ஸ்ட்ராப்பில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும், அந்தக் கருப்பு ஒயர் மட்டும் இருந்தாலும் போதும். எனவே செல்ஃப் மோட்டாரின் பெரிய மின்சாரத்தைப் பாயவிட்டுத்தான் எர்த்தைச் சோதிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஓடத் தொடங்காதபடி ஸ்டாப் கேபிளை ஒருவர் இழுத்துப் பிடிக்கட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இடத்திலும், கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டிலும் வைத்து, ஐந்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கருப்பு முனை, கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் மேல் இல்லாமல் போஸ்ட்டின் மேலேயே இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. பிறகு போஸ்ட்டுக்கும் கிளாம்ப்புக்கும், கிளாம்ப்புக்கும் சேசிஸுக்கும், சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் என்று துண்டு துண்டாகப் பார்த்தால், எந்த இடத்தில் வோல்ட் விழுகிறதோ அங்கேதான் குற்றம் இருக்கிறது.

அந்த லாரியில் குற்றம் சேசிஸ் போல்ட்டில் இருந்தது. சேசிஸுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் எர்த் லக்ஸை (கேபிள் முனையில் இருக்கும் உலோகப் பிடியை) கழற்றி, பெயின்ட்டின் மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் ஈரக் காற்றில் மீதி இருந்த தொடர்பும் துருவாகிவிட்டது. அந்த இடத்தை உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு, பேட்டரி கேபிள் அளவுக்குத் தடித்த புதிய ஸ்ட்ராப்பை முடுக்கி, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினோம். அதற்குப் பிறகே கருப்பு ஒயரை மாற்றினோம். ஸ்ட்ராப்பின் விலை லோடு மாற்றிய கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று நகர்ந்த நாட்களில், ஓயாமல் செல்ஃப் அடித்தே எர்த் பழுதான வண்டிகள் நிறைய வந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகு அந்த வரிசை போயிற்று. எர்த்தைப் பார்க்காமல் ஒயரை மாற்றும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கருத்த செம்பின் மேல் இணைப்புப் போடுதல்

உறையைச் சீவியதும் செம்பு கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால், உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பொருள். பளபளப்பான செம்பு வரும் வரை பின்னோக்கி வெட்ட வேண்டும். ஒரு முழம் போயும் வராவிட்டால் அந்த ஒயரை முழுவதும் மாற்ற வேண்டும். டெஸ்ட் லேம்ப்பின் ஊசியால் உறையைக் குத்திப் பார்க்கிறவர்கள்தான் பெரும்பாலும் இந்தத் தண்ணீருக்கு வழி திறந்துவிடுகிறார்கள்.

வீட்டு ஒயரைப் போடுதல்

வேண்டாம். உள்ளே ஒற்றைக் கம்பியாக இருக்கும் ஒயர் அதிர்வில் ஒடிந்துவிடும்.

ஈயப் பற்றை மட்டும் நம்புதல்

சால்டரிங் செய்யும்போது ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்தப் பகுதியை விறைப்பாக்குகிறது. டீசல் இன்ஜினின் அதிர்வில், விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் அந்த விளிம்பில்தான் ஒயர் அறுகிறது. சரியான அளவு லக்ஸை, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்துவதே மேல். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. ஈயம் வைத்தே ஆக வேண்டுமானால், இணைப்பின் இருபுறமும் ஸ்லீவ் (மேலே போடும் உறைக் குழாய்) நீண்டு வந்து ஒயரைத் தாங்கும்படி செய்து, அசையாத இடத்தில் கிளாம்ப் போட வேண்டும். பல ஒயர்களை இணைக்கும்போது எல்லா இணைப்புகளும் ஒரே இடத்தில் குவியாமல், ஒவ்வொன்றையும் இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளிப் போட வேண்டும்.

நிறத்தை நம்புதல்

பல கைகள் பட்ட வண்டியில் நிறம் எதையும் உறுதி சொல்லாது. இரு முனைகளையும் சோதித்து, துணி டேப்பில் பெயர் எழுதிக் கட்டிய பிறகே வெட்டுங்கள்.

இழுத்துக் கட்டுதல்

இன்ஜின் அசையும், சேசிஸ் அதனுடன் சேர்ந்து அசையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் இடத்தில் ஒயரிங்குக்குத் தளர்வான ஒரு வளைவு விட வேண்டும். பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று இறுக்கிக் கட்டினால், செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் உலுக்குகிற ஒவ்வொரு முறையும் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிற வழியைச் சுருக்குவழி என்று எடுக்காதீர்கள்; ஒயரிங் தகட்டுத் துளையில் நுழையும் இடத்தில் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம் இருக்க வேண்டும்.

சோதிக்கும் முன் டேப் சுற்றுதல்

முதலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, பேட்டரியில் 28 வோல்ட் அளவுக்குச் சார்ஜ் வருகிறதா என்று பாருங்கள். ஒயரிங்கை முழு நீளத்துக்கும் கையால் அசைத்து, டாஷ்போர்டு மீட்டர்களின் முள் துடிக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் பாதி ஏறும்படி, கீழிருந்து மேலாக டேப் சுற்ற வேண்டும்; அப்போதுதான் மேலிருந்து வழியும் மழைநீர் மடிப்புக்குள் புகாமல் வெளியே இறங்கும். ஒயரிங் தாழ்ந்து தொங்கும் இடத்தில் மட்டும், உள்ளே போன ஈரம் வடிந்துவிட, ஒரு விரல் அகலம் திறந்துவிடுங்கள்.