சிறு குழந்தைகளுடன் டிஸ்னி வேர்ல்டு: முதல் பயணத்துக்குத் திட்டமிடும் முறை

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டை ஒரே பூங்கா என்று எண்ணிக்கொண்டு திட்டமிடத் தொடங்குபவர்கள் பலர். ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1971-இல் திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம், 1982-இல் திறக்கப்பட்ட எப்காட், 1989-இல் வேறு பெயரில் தொடங்கிய ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998-இல் வந்த அனிமல் கிங்டம் என நான்கு தனித்தனிப் பூங்காக்களும், அவற்றைச் சுற்றி ஏராளமான விடுதிகளும் அங்கே இருக்கின்றன. பெரியவர்கள் மட்டும் போனால் நாளுக்கு ஒரு பூங்கா என்று நான்கையும் பார்த்துவிடலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு போகும்போது அந்தக் கணக்கு எடுபடாது. குழந்தையின் உயரத்தையும் அது வழக்கமாகத் தூங்கும் நேரத்தையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மற்ற முடிவுகளை எல்லாம் அவற்றுக்கு ஏற்ப எடுப்பதே சரியான வரிசை.

வயதும் உயரமும்

மூன்று வயது நிறையாத குழந்தைக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை. மூன்று முதல் ஒன்பது வயது வரை சிறுவர் சீட்டு. பத்து வயதிலிருந்து பெரியவர் கட்டணம். இந்தச் சலுகையை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே மூன்றாம் பிறந்தநாளுக்கு முன் அவசரமாகப் புறப்படும் குடும்பங்கள் உண்டு. மூத்த குழந்தைக்காகப் போகிற பயணத்தில் கைக்குழந்தையும் உடன் வருகிறது என்றால் அது நல்ல சேமிப்புதான். ஆனால் அந்த ஒரு குழந்தைக்காகவே போகிறீர்கள் என்றால், நான்கு அல்லது ஐந்து வயது வரை பொறுத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. அந்த வயதில்தான் குழந்தை வரிசையில் நிற்கப் பழகியிருக்கும், கழிப்பறை தேவையைச் சொல்லத் தெரிந்திருக்கும், பார்த்ததைப் பிறகு நினைத்துப் பேசவும் செய்யும்.

வீட்டிலேயே குழந்தையை அளந்துகொள்ளுங்கள். மேஜிக் கிங்டத்தில் பார்ன்ஸ்டார்மர் என்ற சிறிய ரோலர் கோஸ்டருக்கு 89 சென்டிமீட்டர், ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 97, டியானாவின் நீர்ச்சறுக்குப் படகுக்கு 102, ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, டிரானுக்கு 122 சென்டிமீட்டர் குறைந்தபட்ச உயரம் தேவை. நுழைவாயிலில் அளவுகோலுடன் நிற்கும் ஊழியர் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார். அது பாதுகாப்புக் கருவியின் அமைப்பைப் பொறுத்த விதி என்பதால் கெஞ்சுவதிலும் பயனில்லை. ஆகவே, எதில் ஏற முடியாது என்பதைக் குழந்தையிடம் ஊரிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய் அளவுகோலுக்குக் கீழே நின்று ஏமாறும் குழந்தையைச் சமாதானப்படுத்த அரை மணி நேரமாவது போய்விடும்.

உயர வரம்பே இல்லாத சவாரிகள் மேஜிக் கிங்டத்தில்தான் மிக அதிகம் என்பதே அதை முதல் பூங்காவாகத் தேர்ந்தெடுக்கக் காரணம். பறக்கும் யானை டம்போ, பீட்டர் பேனின் கப்பல், வின்னி த பூ, கடற்கன்னி, அலாதீனின் கம்பளம், குதிரை ராட்டினம், சுழலும் தேநீர்க் கோப்பைகள், பொம்மைகள் பாடும் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' படகு ஆகிய அனைத்திலும் கைக்குழந்தையை மடியிலோ அருகிலோ வைத்துக்கொண்டு போகலாம். இரண்டாவதாக ஒரு பூங்கா வேண்டுமென்றால் அனிமல் கிங்டத்துக்குப் போகலாம். அங்கே திறந்த வண்டியில் ஏறி ஒட்டகச்சிவிங்கியையும் யானையையும் பார்த்துவரும் சஃபாரிக்கு உயர வரம்பு கிடையாது, காலையிலேயே போனால் விலங்குகளும் சுறுசுறுப்பாக இருக்கும். மற்ற இரு பூங்காக்களையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுவதில் தவறில்லை. மேஜிக் கிங்டத்துக்கு இரண்டு நாள், அனிமல் கிங்டத்துக்கு அரை நாள், நடுவில் பூங்காவே இல்லாத ஒரு நாள் என்ற கணக்கு சின்னஞ்சிறுவர்களுக்குப் போதும். அந்த நடுநாளில் விடுதியின் நீச்சல் குளமே அவர்களுக்கு மற்றொரு பூங்காவாகிவிடும்.

எப்போது போவது

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரம், ஈஸ்டரை ஒட்டிய வாரங்கள், நவம்பர் மாத நன்றி நவிலல் விடுமுறை ஆகியவற்றைச் சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் தவிர்த்துவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும்; பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம்; மின்னல் தென்பட்டால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலமும் ஆகும். ஜனவரியின் பிற்பாதியும் பிப்ரவரியின் முதல் நாட்களும் ஓரளவு நெரிசல் குறைந்தவை. ஆனால் விடியற்காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் குடும்பங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் பள்ளிகளின் கோடை விடுமுறை மே மாதத்தில் நடக்கும்போது அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் இன்னும் மூடியிருக்காது. மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையன்று அவர்களுடைய நினைவு தின விடுமுறை வருகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் போனால் கோடைக் கூட்டத்துக்கும் மழைக்காலத்தின் உச்சத்துக்கும் முன்பே திரும்பிவிடலாம். அந்த மாதத்தில் ஃபுளோரிடா நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், முதல் சில நாட்களில் குழந்தைகள் விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இதைத் தொல்லையாகக் கருதாமல், பூங்கா திறக்கும் நேரத்துக்கே வாசலில் நிற்பதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் வந்திறங்கிய மறுநாளே பூங்காவுக்குச் சீட்டு வாங்கிவிடாதீர்கள்.

தங்குமிடமும் சீட்டும்

டிஸ்னியின் சொந்த விடுதியில் தங்குவதா, வெளியே தங்குவதா என்பது செலவையும் சமையலறையையும் பொறுத்த முடிவு. சொந்த விடுதிகளில் தங்குவோர் எந்தப் பூங்காவிலும் மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம். பூங்காப் பேருந்துகள் விடுதி வாசலுக்கே வரும். காரில் போனாலும் பூங்காவில் நிறுத்துவதற்குக் கட்டணம் இல்லை. இவற்றைவிடப் பெரிய நன்மை, மதியத்தில் அறைக்குத் திரும்பிக் குழந்தையைத் தூங்கவைக்க முடிவதே. வெளியே, குறிப்பாகக் கிசிம்மி பகுதியில், சமையலறையோடு கூடிய முழு வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. தாத்தா பாட்டியோடு ஏழெட்டுப் பேராகப் போகும் குடும்பத்துக்கு இதுவே சிக்கனம். ஆனால் வெளியிலிருந்து மேஜிக் கிங்டத்துக்குக் காரில் வருபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வண்டி நிறுத்துமிடம் பூங்கா வாசலில் இல்லை. அங்கிருந்து மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்த பிறகுதான் நுழைவாயில் வரும். வண்டியை நிறுத்தியதிலிருந்து உள்ளே நுழையும் வரை முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நுழைவுச்சீட்டின் விலை தேதிக்குத் தேதி மாறும்; நாட்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான சராசரி விலை குறையும். ஒரே நாளில் பல பூங்காக்களுக்குப் போக அனுமதிக்கும் விலை கூடிய சீட்டு சிறு குழந்தைகளுக்குத் தேவையே இல்லை. வரிசையைக் குறைக்கும் 'லைட்னிங் லேன்' அனுமதியைத் தனியாகப் பணம் கட்டி வாங்கலாம். டிஸ்னி விடுதியில் தங்குவோர் ஏழு நாள் முன்பும், மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் இதை டிஸ்னியின் கைபேசிச் செயலியில் பதிவு செய்யலாம். கூட்டமான நாளில், அதுவும் மேஜிக் கிங்டத்துக்கு மட்டும், இதை வாங்குவது நியாயம். மற்றபடி காலையில் சீக்கிரம் போவதே இதன் வேலையைப் பெருமளவு செய்துவிடும். கதாபாத்திரங்கள் மேசைக்கே வந்து குழந்தைகளைச் சந்திக்கும் உணவகம் வேண்டுமானால் 60 நாள் முன்பே இடம் பதிவு செய்ய வேண்டும். இளவரசியைப் பார்க்க வெயிலில் நிற்பதைவிட இது எளிது. செலவு மட்டும் கூடுதல்.

பூங்காவுக்குள் ஒரு நாள்

மேஜிக் கிங்டத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கமோ இடப்பக்கமோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காமல், நேராகக் கோட்டையைத் தாண்டி, சிறுவர் சவாரிகள் நிறைந்த ஃபேண்டசிலேண்டு பகுதிக்குப் போய்விடுங்கள். பீட்டர் பேனின் கப்பலை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. அது ஒரே சமயத்தில் குறைவான பேரையே ஏற்றிச் செல்வதால் நாள் முழுவதும் வரிசை நீளமாகவே இருக்கும். அடுத்து வின்னி த பூ, பிறகு டம்போ. டம்போவில் காத்திருக்கும் இடத்தில் குழந்தைகள் ஏறி விளையாட உள்ளரங்க விளையாட்டிடம் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்பதால், வரிசை இருந்தாலும் பெரிய தொல்லை இல்லை. பொம்மைப் படகில் வரிசை வேகமாக நகரும், உள்ளே குளிர்ச்சியாகவும் இருக்கும். வெயில் ஏறிய பிறகு அதற்குப் போகலாம். மதியம் பன்னிரண்டு மணியளவில் சாப்பாடு, ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பித் தூக்கம், மாலை நான்கு மணிக்கு மேல் மீண்டும் பூங்கா என்று வைத்துக்கொண்டால், அதே சீட்டில் மறுபடி நுழையலாம். கட்டிய பணம் வீணாகிறதே என்ற எண்ணத்தில் மதியத் தூக்கத்தைக் கைவிடும் பெற்றோர், மாலையில் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதையும் பார்க்காமலேயே திரும்ப நேரிடும்.

பெற்றோர் இருவரும் பெரிய சவாரி ஒன்றில் ஏற விரும்பினால், குழந்தையோடு சேர்ந்து அனைவரும் அதன் வாசலுக்குப் போய் 'ரைடர் ஸ்விட்ச்' வேண்டும் என்று ஊழியரிடம் சொல்லுங்கள். ஒருவர் வரிசையில் போய்த் திரும்பும் வரை மற்றவர் குழந்தையோடு வெளியே இருக்கலாம். பிறகு இவர் முழு வரிசையிலும் நிற்காமல் ஏறிவிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. உயரம் எட்டாத தம்பிக்காக அக்காவின் ஆசையைத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. அவள் அப்பாவோடு ஒரு முறை, அம்மாவோடு ஒரு முறை என இரண்டு முறை ஏறக்கூட வழி உண்டு.

குழந்தை வண்டி இல்லாமல் போக வேண்டாம். நன்றாக நடக்கப் பழகி ஓராண்டாக வண்டியையே தொடாத ஐந்து வயதுக் குழந்தைக்கும் அங்கே அது வேண்டியிருக்கும். 79 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 132 சென்டிமீட்டர் நீளத்துக்கும் மிகாத வண்டிதான் அனுமதிக்கப்படும். இழுத்துச் செல்லும் வேகன் வகைக்கு அனுமதி இல்லை. சவாரிகளுக்கு வெளியே நிறுத்திவைக்கும் வண்டிகளை ஊழியர்கள் ஒழுங்குபடுத்தும்போது இடம் மாற்றிவிடுவார்கள் என்பதால், கைப்பிடியில் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டிவைத்தால் தேட வேண்டியிராது. தாத்தா பாட்டிக்குச் சக்கர நாற்காலியும் வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஊரில் நன்றாக நடப்பவர்களுக்கும் அதை முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

உணவு பற்றிக் கவலை வேண்டாம். கண்ணாடிப் பாத்திரம், மது, உதிரிப் பனிக்கட்டி ஆகியவை தவிர வெளி உணவை உள்ளே கொண்டுபோகலாம் என்பதால், தயிர் சாதமோ எலுமிச்சைச் சாதமோ சப்பாத்திச் சுருளோ கட்டுச்சோறாக எடுத்துச் செல்வதில் தடையில்லை. சூடாக்க வசதி எதிர்பார்க்காமல், ஆறினாலும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். விரைவு உணவகங்களில் குடிநீர் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். சைவ உணவுக்காரர்கள் பட்டியலில் இலைக் குறி போட்டிருப்பவற்றைத் தேடலாம். அது முட்டை, பால்கூட இல்லாத உணவைக் குறிக்கும். அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியிலுள்ள சனா உணவகத்தில் 'நான்' (naan) போன்ற ரொட்டி வகைகளைப் பலவிதச் சட்னிகளோடு தருகிறார்கள்; பூங்காச் சீட்டு இல்லாமலே அங்கே போகலாம்.

பயப்படும் குழந்தையை வற்புறுத்தி ஏற்றக் கூடாது. உயர வரம்பு இல்லை என்பதால் அச்சமும் இல்லை என்று பொருளாகாது: பேய் மாளிகையிலும் கடற்கொள்ளையர் படகிலும் கைக்குழந்தையையும் அனுமதிக்கிறார்கள், ஆனால் உள்ளே இருட்டும் உரத்த ஒலியும் உண்டு, கொள்ளையர் படகு ஓரிடத்தில் சரிந்தும் இறங்கும். முதல் சவாரியிலேயே பயந்துவிட்ட குழந்தை அடுத்தவற்றுக்கும் மறுக்கும். அதனால் பயப்படும் குழந்தை என்றால் குதிரை ராட்டினத்தில் தொடங்கி மெல்ல மேலே போங்கள்.

ஒவ்வொரு பூங்காவிலும் குழந்தைப் பராமரிப்பு மையம் ஒன்று இருக்கிறது. பாலூட்டத் தனியறை, டயாப்பர் மாற்றும் மேசை, ஊட்டுவதற்கான நாற்காலி எல்லாம் அங்கே கிடைக்கும். மேஜிக் கிங்டத்தில் அது பிரதான வீதி முடியும் இடத்தில், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துக்கு அருகில் உள்ளது. உங்கள் கைபேசி எண்ணை குழந்தையின் கையில் எழுதிவையுங்கள்; பெயர்ப்பட்டை அணிந்தவர்களிடம் மட்டும் உதவி கேட்க வேண்டும் என்று பழக்குங்கள். அன்றைய உடையோடு குழந்தையைக் காலையில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால், தேட நேர்ந்தால் விவரிக்க வேண்டியிராது.

இரவு வாணவேடிக்கையைப் பார்க்க விரும்பினால் அன்று மதியத் தூக்கம் கட்டாயம். ஒலி மிக அதிகம் என்பதால் காதுகளை மூடும் ஹெட்போனையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்த உடனே மொத்தக் கூட்டமும் வாசலை நோக்கி நகரும். அந்த நெரிசலில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போக முயலாமல், பிரதான வீதியின் கடைகளில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் புறப்பட்டால் மோனோரயில் வரிசை கணிசமாகக் குறைந்திருக்கும். குழந்தை ஏற்கெனவே சோர்ந்துவிட்டதென்றால், வேடிக்கை தொடங்குவதற்குள் வெளியேறிப் படகுத்துறையிலிருந்தே தூரத்து ஒளியைப் பார்த்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடலாம்.